ஆற்று வண்டல் கடத்தலை மாதிரியாக்குவதில் உள்ள சிக்கல்கள்

ஆற்றுநீரின் ஓட்டத்தைக் கணிப்பதைக் காட்டிலும் அது சுமந்து செல்லும் வண்டலைக் கணிப்பது கடினமானது. ஓட்டம் படுகையை அரிக்கிறது. அரிப்புண்ட படுகை ஓட்டத்தையே மாற்றுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே கணக்கிட வேண்டியிருப்பது முதற்சிக்கலாகும்.

இரண்டாவது, வாய்பாட்டின் கூருணர்வு. மேயர்-பீட்டர், முல்லர் ஆகியோர் 1948இல் வெளியிட்ட வாய்பாட்டின்படி, படுகையின் மீதான பரிமாணமற்ற சறுக்குத் தகைவு 0.047 என்னும் மாறுநிலை அளவைக் கடந்த பின்னரே பரல்கள் நகர்கின்றன. கடத்தலளவு அம்மிகையின் 1.5 அடுக்குக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. 0.060 ஆக உள்ள தகைவை 0.066 எனக் கொண்டால், அந்த 10 விழுக்காட்டுப் பிழை கடத்தலளவில் ஏறத்தாழ 77 விழுக்காடாகப் பெருகும். மேலும், வாங், பார்க்கர் ஆகியோர் 2006இல் அவ்வாய்பாட்டின் அடிப்படைத் தரவுகளை மறுஆய்வு செய்து, சமதளப் படுகையில் கடத்தல் அது தரும் மதிப்பில் ஏறத்தாழப் பாதியே என்று காட்டினர்.

மூன்றாவது, உள்வரும் வண்டலின் அளவு. மென்வண்டலின் அளவைப் பெரிதும் முடிவுசெய்வது ஓட்டத்தின் ஆற்றல் அன்று. மேற்பகுதி நிலத்தின் அரிப்பே ஆகும். சீனாவின் மஞ்சளாற்றில் சான்மென்சியா அணை, மேற்பகுதி மண் பாதுகாப்புப் பணிகளால் வண்டல் விரைவில் குறையும் என்னும் எதிர்பார்ப்பில் கட்டப்பட்டது. 1960இல் நீர் தேக்கப்பட்டதும் நீர்த்தேக்கத்தில் வண்டல் விரைந்து படிந்தது. துணையாறான வெய் ஆற்றின் படுகையும் உயர்ந்தது. பின்னர் வண்டலை வெளியேற்றச் சுரங்கவழிகள் அமைக்க நேர்ந்தது.

எனவே, மாதிரியின் முடிவை ஒற்றை எண்ணாக அன்றிப் பிழையெல்லையுடன் கூடிய வீச்சாக வழங்குவதும், உள்ளீட்டு எடுகோள்களைக் கள அளவீடுகளால் தொடர்ந்து சரிபார்ப்பதும் இன்றியமையாதவை.