86,400 நொடியும் 300 நொடியும்

2019 நவம்பர் 22 அன்று தென்காசி, திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதன் பிறகும் வெளியூர்க் கடிதங்கள் சிலவற்றில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்றே எழுதியிருக்கிறது. கடிதம் வழிதவறுவதில்லை, 627811 என்ற பின்கோடு மாறவில்லை. மின்னஞ்சலுக்கு அந்த வசதி இல்லை. அங்கே சர்வரை மாற்றினால், பெயர் அப்படியே இருக்க, அதற்குரிய ஐபி எண் மாறிவிடுகிறது. பழைய எண்ணை ஏதோ ஒரு சர்வர் நினைவில் வைத்திருந்தால், அஞ்சல் பழைய வாசலுக்கே போகும். அந்த நினைவுதான் டிஎன்எஸ் கேஷ்.

1983இல் பால் மோக்கபெட்ரிஸ், பெயருக்குரிய எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தபோதே, ஒவ்வொரு விடையையும் எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்ற கெடுவும் அதனுடன் சேர்ந்தது. அதற்கு டிடிஎல் என்று பெயர். இணைப்புகள் மெதுவாக இருந்த காலத்தில் 86,400 நொடி, அதாவது ஒரு முழு நாள், பரவலான கெடு. இன்று 300 நொடி சர்வசாதாரணம்.

குற்றாலத்தில் ஒரு விடுதி, சாரல் சீசன் தொடங்குமுன் தன் மெயில் சர்வரை மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கெடு இருந்த அந்தக் காலத்தில் அது பொறுமையான வேலை. முதல் நாளே டிடிஎல்லைக் குறைத்து, பழைய கெடு தீரும்வரை காத்திருந்து, பிறகே, அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றுவார்கள். பழைய சர்வரையும் சில நாள் ஓடவிட்டு, அதில் வந்து விழுந்த அஞ்சல்களைப் பொறுக்கி எடுப்பார்கள். குறைக்க மறந்தவருக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. கேஷ் அவர் கையில் இல்லை, ஊர் பேர் தெரியாத சர்வர்களிடம் இருந்தது. பழைய வாசல் மூடியிருந்தாலும், அனுப்பும் சர்வர் நான்கைந்து நாள் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும். அஞ்சல் தாமதமாகுமே தவிர, எளிதில் தொலையாது.

இன்று, 300 நொடிக் கெடுவில், மாற்றம் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் பரவுகிறது. 'டிக்' கட்டளையால் மூல சர்வரையும் கேஷ் வைத்திருக்கும் சர்வரையும் தனித்தனியே கேட்டு, விடைகளை ஒப்பிட்டால் கோளாறு இருக்கும் இடம் தெரிந்துவிடும். 8.8.8.8, 1.1.1.1 ஆகிய பொது டிஎன்எஸ் சேவைகளில் பழைய விடையைத் துடைக்கவும் வசதி உண்டு. ஆனால் அன்று எம்எக்ஸ் ஒன்று சரியாக இருந்தால் பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. இன்று எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று அனுப்புநரைச் சரிபார்க்கும் பதிவுகளும் டிஎன்எஸ்ஸிலேயே இருக்கின்றன. ஒன்று பழசாக இருந்தாலும் அஞ்சல் ஸ்பாமில் விழலாம். ஸ்பாம் அனுப்புவோரைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ் போன்ற தடைப்பட்டியல்கள், பொது டிஎன்எஸ் வழியாக வரும் கேள்விகளைப் பொதுவாக ஏற்பதில்லை. அதனால் மெயில் சர்வருக்கென்று சொந்த டிஎன்எஸ் கேஷ் வைப்பது மீண்டும் அவசியமாகிவிட்டது.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ, பெயரின் அருமையை 2018 செப்டம்பர் 24 அன்று உணர்ந்தது. ஃபிஷிங் புகார்களைக் காரணம் காட்டி, பெயரைப் பதிவுசெய்த நிறுவனம் ஜோஹோ.காம் முகவரியை முடக்கியது. சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன, அவை இருக்கும் இடத்தைச் சொல்லத்தான் யாருமில்லை. பெயர் மீண்ட பிறகும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சேவை திரும்பவில்லை. இத்தகைய நேரத்தில், பழைய சரியான விடையை மறக்காத கேஷ் காப்பாற்றும். 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்ற விடையைப் பிடித்துக்கொண்ட கேஷ் கழுத்தறுக்கும்.

நீண்ட நினைவு போனதில் வேகம் கிடைத்தது, தாங்குதிறன் குறைந்தது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் டிஎன்எஸ் சர்வர்கள் எட்டாமல் போனபோது, குறுகிய கெடு கொண்ட விடைகள் விரைவிலேயே காலாவதியாயின; சேவை ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே, மூல சர்வர் பதில் தராதபோது கெடு தாண்டிய விடையையும் கொடுக்கலாம் என்று இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 8767 வகுத்திருந்தது. ஒரு காலத்தில் விரட்டிய பழைய நினைவுக்கு விதிப்படியே இடம் கிடைத்தது.

அனுபவசாலிகள் இன்று இரண்டையும் கைக்கொள்கிறார்கள். சீசன் முழுக்க 86,400. சர்வர் மாற்றும் வாரத்தில் மட்டும் 300.