ஜிபியு இருக்கும்போது எஃப்பிஜிஏ எதுக்கு?

சிதம்பரத்திலிருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். ஈசிஇ கடைசி வருஷம். "அண்ணா, எஃப்பிஜிஏல ப்ராஜெக்ட் பண்ணலாம்னு இருக்கேன். ஜிபியு காலத்துல இது எதுக்குன்னு எல்லாரும் கேக்கறாங்க. விட்டுடவா?" நியாயமான கேள்விதான்.

முதல்ல, இது என்ன சிப்? நான் கடலூர்க்காரன், அதனால வீராணத்தை வெச்சே சொல்றேன். ஏரித் தண்ணி வாய்க்கால்ல இறங்கி, எந்தப் பக்கம் மடை திறந்திருக்கோ அந்தப் பக்கம் பாயும். ஒவ்வொரு நாத்துக்கும் யாரும் குடத்துல மொண்டு ஊத்தறதில்லை. சிபியு செய்யறது குடத்து வேலை. கட்டளையைப் படி, மெமரியிலிருந்து எண்ணை எடுத்துட்டு வா, கணக்கு போடு, கொண்டுபோய் வை. வேகமான ஆள்தான், ஆனா நடந்துகிட்டே இருக்கணும்.

எஃப்பிஜிஏ வாய்க்கால் மாதிரி. உள்ளே சின்னச் சின்ன லாஜிக் பிளாக்குகள், நடுவுல ஒயர்கள், ஒயர்கள் சேர்ற இடத்துல சுவிட்சுகள். அந்த சுவிட்சுதான் மடை. எதைத் திறக்கணும், எதை அடைக்கணும்னு ஒரு ஃபைல் சொல்லும். ஃபைலை மாத்தினா அதே சிப் வேற சர்க்யூட் ஆயிடும். 1985ல் சைலிங்க்ஸ் வெளியிட்ட முதல் சிப்பில் 64 பிளாக்தான். இன்னைக்குப் பெரிய சிப்புகளில் லட்சக்கணக்கில் இருக்கு.

இந்தியாவுல இதுக்கு நல்ல உதாரணம், புனே பக்கத்துல இருக்கிற ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி. 45 மீட்டர் அகலத்தில் 30 டிஷ். ஒவ்வொண்ணும் ரெண்டு சிக்னல் தரும், மொத்தம் 60. மேம்படுத்தின அமைப்பில் அலைவரிசை அகலம் 400 மெகாஹெர்ட்ஸ். அதைப் பிடிக்க ஒரு சிக்னலுக்கு நொடிக்கு 80 கோடி மாதிரி எடுக்கணும். அறுபதையும் சேர்த்தா நொடிக்கு 4,800 கோடி எண்கள்! வானத்துகிட்ட "கொஞ்சம் இரு"ன்னு சொல்ல முடியாது.

அங்கே முதல் வரிசையில நிக்கிறது எஃப்பிஜிஏ வெச்ச ரோச் போர்டுகள். (ஆமா, கரப்பான்தான். அந்தப் பேரோட முதல் எழுத்தே 'ரீகான்ஃபிகரபிள்' என்பதிலிருந்து வந்தது.) கடிகாரம் தப்பாம எண்களை வாங்கி, பாக்கெட்டாக்கி, நெட்வொர்க்கில் தள்ளிவிடறது அதன் வேலை. அதுக்கப்புறம் 30 டிஷ்ஷையும் ஜோடி ஜோடியாக, 435 ஜோடி, பெருக்கிப் பார்க்கிற கனமான கணக்கு ஜிபியுவில் நடக்குது. இதுல ஒண்ணு இன்னொண்ணுக்குப் போட்டியே இல்லை.

வேற மாதிரியும் நடந்திருக்கு. மைக்ரோசாஃப்ட் 1,632 சர்வர்களில் எஃப்பிஜிஏ பொருத்தி, பிங் தேடலில் ரேங்கிங் வேலையை ஒரு சர்வருக்கு 95 சதவீதம் கூட்டினதா 2014ல் அறிவிச்சாங்க.

கஷ்டமும் இருக்கு. இதன் கிளாக் பெரும்பாலும் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான், உங்க லேப்டாப் அதைவிடப் பத்து மடங்கு வேகம். பெரிய டிசைனை கம்பைல் பண்ண மணிக்கணக்கா ஆகும். ஏஐ மாடலுக்கு ட்ரெயினிங்னா ஜிபியுவே எடுங்க.

அதனால தம்பி, விட வேண்டாம். ஆனா டேட்டா நிக்காம வர்ற, தாமதம் பொறுக்காத ஒரு பிரச்சினையா தேர்ந்தெடுங்க. ட்ராஃபிக் லைட் கன்ட்ரோலர் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

போர்டு இல்லாமலே ஆரம்பிக்கலாம். வெரிலேட்டர், யோசிஸ் ரெண்டும் இலவசம். ஒரு எஃப்ஐஆர் ஃபில்டரை வெரிலாக்ல எழுதுங்க, அதையே பைத்தான்லயும் எழுதுங்க, ரெண்டு விடையும் பிட்டுக்குப் பிட் ஒத்துப்போற வரைக்கும் போர்டுக்குக் காசு செலவு பண்ணாதீங்க.