வாய்க்குள் 700 வகை கிருமி! காட்டிக் கொடுக்குது கண்ணாடி 'சிப்'

காலையில் பல் தேய்த்து துப்பும்போது நுரையோடு ரத்தமும் வருகிறதா? 'பிரஷ் குத்தியிருக்கும்' என்று வாயைக் கொப்பளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பி விடுகிறோம். வலி இருந்தால்தானே டாக்டரைத் தேடுவோம்! ஈறு நோயின் வில்லத்தனமே அதுதான். பெரும்பாலும் வலிக்காது. சத்தமில்லாமல் பல்லைத் தாங்கும் எலும்பையே கரைத்துவிடும். பல் ஆட ஆரம்பித்த பிறகுதான் பலருக்கு விஷயமே தெரியும்.

இந்த வேலையைச் செய்வது எந்தக் கிருமி? இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

1683-ல் ஹாலந்து நாட்டின் லீவன்ஹூக், தன் பல் இடுக்கு அழுக்கைச் சுரண்டி, தானே தயாரித்த லென்சில் வைத்துப் பார்த்தார். குட்டிக்குட்டி ஜீவன்கள் அங்குமிங்கும் ஓடின. மனுஷன் அசந்துபோனார். இத்தனைக்கும் தினமும் பல்லை உப்பு போட்டு தேய்ப்பவர் அவர்!

பின்னாளில் கிருமிகளை லேபில் தட்டில் வைத்து, தீனி போட்டு வளர்த்து அடையாளம் கண்டார்கள். அங்கேதான் சிக்கல். மனித வாயில் குடியிருக்கும் கிருமிகள் சுமார் 700 வகை. (எல்லாமே ஒரே ஆள் வாயில் இருக்காது, பயப்பட வேண்டாம்.) இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, என்ன தீனி போட்டாலும் லேபில் வளர மறுக்கிறது. வளராத கிருமியை எப்படிப் பிடிப்பது?

கைரேகை மாதிரி

அதற்கு வந்ததுதான் டி.என்.ஏ. சிப். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஏழைக் குழந்தைகளுக்கு பல் வைத்தியம் பார்க்க 1910-ல் தொடங்கப்பட்டது பார்சித் நிறுவனம். அங்குள்ள புரூஸ் பேஸ்டர் குழுவினர், வாய்க் கிருமிகளுக்கென்றே 'ஹோமிம்' என்ற சிப்பை உருவாக்கினார்கள். ஒரே சோதனையில் சுமார் 300 வகை கிருமிகளைத் தேடும்.

விஷயம் இதுதான். எல்லா பாக்டீரியாவிடமும் '16 எஸ்' என்ற ஜீன் உண்டு. ஆனால் அதில் சில இடங்களில் எழுத்து வரிசை வகைக்கு வகை மாறும். அதுதான் கிருமியின் கைரேகை. ஒவ்வொரு கிருமியின் கைரேகைக்கும் ஜோடி சேரும் டி.என்.ஏ. துண்டைத் தயாரித்து, சின்னக் கண்ணாடித் தகட்டில் புள்ளி புள்ளியாக ஒட்டி விடுவார்கள்.

நோயாளியின் பல் அழுக்கில் இருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அந்த ஜீனை பல மடங்கு நகல் எடுத்து, ஒளிரும் சாயம் ஏற்றி தகட்டில் ஊற்றுவார்கள். ஜிப்பின் இரண்டு பக்கமும் கோர்த்துக்கொள்வது போல, ஜோடி பொருந்தினால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பொருந்தாதது கழுவும்போது போய்விடும். பிறகு லேசர் அடித்தால் எந்தப் புள்ளி மின்னுகிறதோ, அந்தக் கிருமி வாயில் இருக்கிறது. அதிகம் மின்னினால் கூட்டம் அதிகம். கிருமியை வளர்க்க வேண்டிய தலைவலியே இல்லை.

மாட்டியது ஒரு ஆள் இல்லை

இப்படித் தேடத் தேட பழைய கணக்கு சில மாறிப்போனது. பல் சொத்தை என்றாலே 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' கிருமி மீதுதான் பழி. ஆனால் சிப்புக்கு அண்ணன் முறையான இன்னொரு டி.என்.ஏ. சோதனையில், நிரந்தரப் பற்கள் மோசமாக சொத்தையானவர்களில் 10 சதவீதம் பேரிடம் அந்தக் கிருமியே தென்படவில்லை! 2008-ல் வெளியான தகவல் இது. அமிலம் சுரக்கும் வேறு கிருமிகளும் கூட்டு சேர்ந்திருக்கின்றன. ஈறு நோயிலும் அப்படித்தான். மூன்று கிருமிகள் கூட்டணியாகவே திரிவதை 1998-லேயே பார்சித் விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள்.

சிப்பிலும் ஓட்டை உண்டு. ரிஜிஸ்டரில் கைரேகை இல்லாத திருடனை போலீஸ் எப்படிப் பிடிக்கும்? தகட்டில் ஒட்டாத கிருமி வாய் நிறைய இருந்தாலும் சிப்புக்குத் தெரியாது. செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் ஒட்டிக்கொள்ளும். அதனால் 2010-களில் டி.என்.ஏ.வை எழுத்து எழுத்தாக நேரடியாகப் படிக்கும் எந்திரங்கள் வந்து, சிப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

இதெல்லாம் ஆராய்ச்சிக்கூட சமாச்சாரம். நம்ம ஈறைப் பார்க்க பல் டாக்டருக்கு சிப் தேவையில்லை. அளவு கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறு இடுக்கில் விட்டுப் பார்ப்பார். 3 மில்லி மீட்டர் வரை இறங்கினால் சரி. 4, 5 என்று உள்ளே போனால், அங்கே குடித்தனம் நடக்கிறது என்று அர்த்தம். சுரண்டி சுத்தம் செய்ய வேண்டியதுதான்.