அப்பளமும் ஊறுகாயும்: வார இறுதி உயிரினச் சுற்றுலா எப்படி இயங்குகிறது?

அமாவாசைச் சமையலைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அடுப்பு இரண்டு, பண்டம் ஏழெட்டு. விடிந்ததும் உளுந்து ஊறத் தொடங்கிவிடும். பருப்பு வேகப் பொழுது பிடிக்கும் என்பதால் அதுதான் முதலில் அடுப்பேறும். குழம்பு கொதித்து இறங்கி ஓரமாகக் காத்திருக்கும். ஊறுகாய் போன வருஷத்திலிருந்தே ஜாடியில் இருக்கிறது. அப்பளம் மட்டும் இலை போட்ட பிறகுதான் எண்ணெயில் விழும். எந்தப் பாத்திரம் கைக்கு எட்டுகிறது என்று பார்த்து யாரும் வரிசை போடுவதில்லை. எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்றுதான் பார்ப்பார்கள்.

ஒரே சனி, ஞாயிறில் உயிரினங்களுக்கான மூன்று நான்கு இடங்களைப் பார்த்துவரும் திட்டமும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. நாமோ வரைபடத்தை விரித்து, பக்கத்தில் இருப்பதில் தொடங்கித் தூரத்தில் இருப்பது வரை ஒரு கோடு இழுத்துவிடுகிறோம். கோடு நேராகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோட்டின்படி போனால் உச்சிவெயிலில் பறவை ஏரிக்கும், பனி விலகாத காலையில் வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துக்கும் போய் நிற்போம். இரண்டு இடத்திலும் பார்க்க அதிகம் இருக்காது. வந்த பிள்ளைகள் கைப்பேசியை எடுத்துக்கொள்வார்கள்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் விலங்குக் காட்சிசாலை கிடையாது. ஆனால் இங்கிருந்து தெற்கே திருச்சி, வடக்கே வண்டலூர், மேற்கே சேலம் குரும்பப்பட்டி என்று மூன்று பக்கமும் வழி இருக்கிறது. சொந்த மாவட்டத்திலேயே வேறு எங்கும் கிடைக்காத சில பண்டங்களும் உண்டு. அவற்றை விட்டுவிட்டு நேரே சென்னைக்கு ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அதனால் அருகில் இருக்கும் தெற்குச் சுற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தச் சுற்றின் அப்பளம் கரைவெட்டி. அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் வழியாகத் தெற்கே போனால், 450 ஹெக்டேருக்கு மேல் விரிந்த ஏரி. 1999-இல் பறவைகள் சரணாலயமானது. 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. மத்திய ஆசியாவின் மேட்டுநில ஏரிகளில் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்து குளிர்காலத்தில் இங்கே இறங்குகிறது. ஒரு காட்சிசாலைக் கூண்டில் அதைப் பார்ப்பதும், இத்தனை தூரம் தானாகப் பறந்து வந்ததை நம் ஏரியில் பார்ப்பதும் ஒன்றல்ல. டிசம்பர், ஜனவரியில் ஆறரை மணிக்குள் கரையில் நிற்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறினால் நீர்ப்பரப்பில் ஒளி கூசும், பறவைகள் ஒதுங்கிவிடும், தொலைநோக்கியில் கானல்தான் ஆடும். ஆறிப்போன அப்பளத்தைத் திரும்ப மொறுமொறுப்பாக்க முடியாது. தவறிய காலையும் அப்படித்தான்.

கரைவெட்டிக்கு முன்கூட்டியே ஊறப்போட வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மேட்டூர் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இந்த ஏரிக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழை மீதியை நிரப்புகிறது. இரண்டும் பொய்த்த ஆண்டில் ஏரியில் நீர் இருக்காது. நீர் இல்லாவிட்டால் வாத்தும் இல்லை. எனவே தேதியைக் குறிக்கும் முன் வனத்துறை அலுவலகத்திலோ, திருமானூர்ப் பக்கத்து உறவினரிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: ஏரியில் தண்ணீர் நிற்கிறதா? அந்த ஒரு பதிலை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும்.

ஏரியை விட்டுக் கிளம்பும்போது வெயில் ஏறியிருக்கும். இனி ஊறுகாயின் நேரம். திரும்பும் வழியில் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலடித் தரை. சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்குள் சிப்பிகளும், சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகளும், கடல் முள்ளெலிகளும் கல்லாகிக் கிடக்கின்றன. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தின் விலங்குக் காட்சிசாலை என்றே இதைச் சொல்லலாம். கூண்டும் வேண்டாம், தீனி நேரமும் கிடையாது. நண்பகலில் போனாலும் பிற்பகலில் போனாலும் இதே உயிர்கள் இதே இடத்தில் இருக்கும். விடுமுறை நாளை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரமும் இதே வகைதான். 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி ஆண்டு வயது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்து உலகுக்குச் சொன்ன மரம். இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். சனிக்கிழமை சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அங்கே போய்விட்டு, அப்படியே நெடுஞ்சாலையைப் பிடித்துத் திருச்சிக்குப் போய்த் தங்கிவிடலாம்.

ஞாயிறு காலை அவசரப்படவே வேண்டாம். திருவரங்கத்தை அடுத்த மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. வண்ணத்துப்பூச்சிக்கு உடல்சூட்டைத் தானாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. இறகுத் தசை 28 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் நன்றாகப் பறக்கும். அதனால் காலையில் இறகை விரித்து வெயில் காயும். காய்ந்த பிறகே பூவுக்குப் பூ தாவும். எண்ணெய் காயாமல் வடை போட்டால் என்ன ஆகும் என்பது சமைப்பவருக்குத் தெரியும். பத்து மணிக்கு உள்ளே போங்கள். மேகமூட்டமான நாளாக இருந்தால் மதியம் வரை தள்ளிப்போடுங்கள். பிறகு கம்பரசம்பேட்டையில் 2025-இல் திறந்த பறவைகள் பூங்காவைப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். திருச்சியிலிருந்து பெரம்பலூர் சுமார் 60 கிலோமீட்டர்தான்.

வடக்குச் சுற்று வேறு மாதிரி. இங்கே ஒரு பெரிய பாத்திரம் அடுப்பையே அடைத்துக்கொள்கிறது: வண்டலூர். எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்கு வளர்ப்பு, இடம் மாறி, 1985-இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பரப்பு 602 ஹெக்டேர். பருப்பு வேகும் நேரத்தைக் குறைக்க முடியாததுபோல இதற்கும் அரைநாளைக் குறைக்க முடியாது. கதவு திறக்கும்போதே உள்ளே இருப்பது நல்லது. காலைக் குளிர்ச்சியில் புலியும் கரடியும் நடமாடும்; மதியம் நிழல் தேடிப் படுத்துவிடும்.

முக்கியமான இன்னொன்று: வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. விலங்குக் காட்சிசாலைகள் வாரம் ஒருநாளாவது பார்வையாளர்களுக்கு மூடியிருக்க வேண்டும் என்பது சட்டவிதி. கூட்டமும் சத்தமும் இல்லாத ஒரு நாள் விலங்குகளுக்குத் தேவை. அதை யாரும் குறைசொல்லக் கூடாது. கிண்டி சிறுவர் பூங்காவும் அதையொட்டிய பாம்புப் பண்ணையும் செவ்வாயில்தான் மூடுகின்றன. வடநெம்மேலி முதலைப் பண்ணையோ திங்களில் மூடும். சனி, ஞாயிறோடு பயணம் முடிந்தால் கவலையில்லை. பண்டிகை விடுமுறையைச் சேர்த்துத் திங்கள், செவ்வாய்க்கு நீட்டுகிறவர்கள்தான் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள்.

ஆகவே வரிசை இப்படி அமையும். சனிக்கிழமை காலைச் சாப்பாட்டை முடித்துக் கிளம்பி, மாலை நான்கு மணிக்கு வேடந்தாங்கல். பகலில் இரை தேடிப் போன நாரைகளும் கொக்குகளும் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது. நவம்பரிலிருந்து மார்ச் வரை பருவம். இரவு செங்கல்பட்டிலோ தாம்பரத்திலோ தங்கல். ஞாயிறு காலை வண்டலூர். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கேளம்பாக்கம் சாலை வழியாகக் கோவளம் தாண்டி வடநெம்மேலி முதலைப் பண்ணை.

முதலையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது குழம்புபோலக் காத்திருக்கும். எந்த மணிக்குப் போனாலும் கரையில் கிடக்கும், அல்லது நீருக்கு மேலே கண்ணைக் காட்டும். ரோமுலஸ் விட்டேக்கரும் சாய் விட்டேக்கரும் 1976-இல் இதைத் தொடங்கியபோது இந்திய முதலை இனங்கள் அழிவின் விளிம்பில் இருந்தன. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் அந்த வளாகத்தில்தான் இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றிலிருந்து அவர்கள் எடுக்கும் நஞ்சுதான் விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள். மக்காச்சோளக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் வேலை செய்கிற பெரம்பலூர்க் குடும்பத்துக்கு, மாவட்ட மருத்துவமனையில் ஏற்றப்படும் அந்த மருந்து எங்கே தொடங்குகிறது என்று பிள்ளைகளிடம் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது. என் கருத்தில் இந்த வடக்குச் சுற்றின் உச்சமே இதுதான், புலியைவிடவும்.

கார் இல்லாதவர்களுக்கு: பெரம்பலூரில் ரயில் நிலையம் இல்லை, ஆனால் அரியலூர் விழுப்புரம்–திருச்சி கார்டு பாதையில் இருக்கிறது. செங்கல்பட்டில் இறங்கி மின்சார ரயில் பிடித்தால் வண்டலூர் நிலையத்திலேயே இறங்கலாம். வேடந்தாங்கலையும் முதலைப் பண்ணையையும் பேருந்தில் சேர்ப்பது சிரமம். அப்படிப் போகிறவர்கள் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்வதே நல்லது. திரும்பும் வழி காரில் 240 கிலோமீட்டருக்குக் குறையாது. ஞாயிறு இரவு ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வரும் என்பதையும் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் திங்கள் அரைநாள் விடுப்பு எடுங்கள்.

சேலம் குரும்பப்பட்டியை இந்த இரண்டு சுற்றிலும் நான் திணிக்கவில்லை. ஏற்காட்டு அடிவாரத்தில் இருக்கும் அது ஏற்காட்டுப் பயணத்தோடுதான் சேரும். இரண்டு நாளுக்கு நான்கு இடம் போதும். ஐந்தாவதைச் சேர்த்தால் ஏதாவது ஒன்று அரைவேக்காடாகத்தான் வரும்.

இந்த ஆண்டு ஒரு சுற்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் தெற்கைத் தேர்ந்தெடுங்கள். வண்டலூர் வருடம் முழுக்கத் திறந்திருக்கும். வரித்தலை வாத்து குளிர்காலம் முடிந்ததும் கிளம்பிவிடும்.