நிலமும் பொழுதும்

மாந்தர் வாழ்நாளிற் பெரும்பகுதி கழிந்ததற்கு இரங்குவதிலும் வருவதற்கு ஏங்குவதிலுமே செல்கின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிகழ்பொழுதோ காண்பாரின்றிக் கழிகின்றது. அதனை உணர்ந்து நுகருமாறு யாங்ஙனம் என்பதை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

நம் பண்டைத் தமிழாசிரியர் இதனை நன்கறிந்தவர். தொல்காப்பியனார் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்து, நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்றார். தலைவி வருந்தினாள் என்று பாடப் புகும் புலவன், அவள் எங்கு நின்றாள், எப்பொழுது நின்றாள் என்பதை முன்னர்க் கண்டாக வேண்டும். ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்ததோடு அமையாது, ஒரு நாளையும் வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என ஆறு சிறுபொழுதாகப் பகுத்தனர் நூலோர். கடிகாரம் நமக்கு மணியைக் காட்டும், பொழுதைக் காட்டுவதில்லை. மணி என்னவென்று வினவின் உடனே விடையிறுக்கும் நாம், எற்பாடு என்னும் சாய்பொழுது கழிந்து மாலை வந்த கணத்தை எத்தனை நாள் கண்டிருக்கின்றோம்?

எம்மூராகிய ஜோலார்பேட்டை காத்திருப்போர் ஊராகும். சென்னையினின்று வரும் இருப்புப்பாதை ஈண்டுப் பிரிந்து, ஒன்று பெங்களூருக்கும் மற்றொன்று சேலத்திற்கும் செல்லும். பிளாட்பாரத்தில் நிற்போர் உள்ளம் விட்டுவந்த ஊரிலோ சேரும் ஊரிலோ இருக்குமேயன்றி, நிற்கும் ஊரில் இராது. கீழ்பால் ஏலகிரி மலை நிற்கின்றது. எற்பாட்டில் மேலை வெயில் அதன் முகத்திற் படிந்து சிவக்கும். நோக்குவார் மிகச் சிலர்.

நோக்காதாருள் யாமும் ஒருவரே. விடுமுறை முடிந்து கல்லூரிக்கு மீண்ட ஒரு மாலையில், எம் பாட்டியார் வழியனுப்ப வந்து சன்னலருகே நின்றனர். யாமோ தேர்வுக்குரிய சூத்திரங்களை உருப்போட்டவண்ணம், அவர் கூறியவற்றிற்கெல்லாம் "சரி, ஆயா" என்று மட்டும் விடையிறுத்தோம். அடுத்த விடுமுறைக்குச் சென்றபொழுது அவர் இலர். அன்று அவர் கூறியது யாது என்பது இன்றளவும் எம் நினைவிற்கு வந்திலது. உருப்போட்டது முதற்பொருளைப் பற்றிய சூத்திரம்!

இழந்தபின் அருமை உணர்தல் ஒருவர்க்கு மட்டும் உரிய குறையன்று. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டன. ஜூலை 12-ஆம் நாள், 50 தொட்டிப் பெட்டிகளில் 25 இலட்சம் லிட்டர் காவிரி நீரை ஏற்றிய முதல் வண்டி ஜோலார்பேட்டையினின்று புறப்பட்டு வில்லிவாக்கம் சேர்ந்தது. ஒரு குடம் நீரின் அருமையை அந்நாளில் நகரமே அறிந்தது. மழை பெய்து குழாயில் நீர் வந்தபின், அவ்வுணர்வு எத்தனை பேர்பால் நிலைத்தது?

அருமையைக் கையிலுள்ளபொழுதே உணர்தற்குத் தவமும் துறவும் வேண்டா. நாளும் ஒரு செயலையேனும் முழுமனத்தோடு செய்தல் போதும். நீர் பருகுங்கால் அதன் தண்மை தொண்டையில் இறங்குதலை அறிக. ஒருவர் பேசுங்கால் கைப்பேசியை வைத்துவிட்டு அவர் முகத்தை நோக்குக. உள்ளம் ஓடுதல் இயல்பே. ஓடியதற்காக அதனைக் கடியாது, எங்கு நிற்கின்றோம், இஃது எப்பொழுது என்னும் இரு வினாக்களால் மீட்டுக் கொணர்க.

வருங்காலத்தைக் கருதாது வாழ்க என்பது எம் கருத்தன்று. டிக்கட்டின்றி வண்டியேறுதல் அறிவுடைமையாகாது. ஆயின், டிக்கட் வாங்கியபின்னும் அதனையே எண்ணி நிற்பதாற் பயனென்னை?

அன்பர்காள்! அடுத்தமுறை நும் வண்டி ஜோலார்பேட்டையில் நிற்குமாயின், கீழ்பால் ஒருகால் நோக்குமின். வழியனுப்ப வந்தார் எவரேனும் சன்னலருகே நிற்பின், மலையையும் விடுத்து அவர் முகத்தை நோக்குமின்.