அட்டவணைப் பகுப்பும் மென்பொருட் பதிப்பும்

பதிப்பு என்னும் சொல் நூலாராய்வார்க்கு நன்கு பழகியது. மென்பொருட்டுறையில் அது வேறு பொருளில் வழங்குகின்றது. காலமுறையில் ஒன்றன்பின் ஒன்றாய் வருவன வெளியீடுகள். ஒரே வெளியீட்டினுள் விலையாலும் உரிமத்தாலும் வேறுபட்டு நிற்பன பதிப்புகள். இவ்வேறுபாடு உணராதவழி நேரும் இடர்ப்பாட்டினை, தரவுத்தள அட்டவணைப் பகுப்பினைக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

பகுப்பாவது, பெரிய அட்டவணையொன்றை அதன் ஒரு பத்தியிலுள்ள மதிப்பினை அளவாகக் கொண்டு பகுதிகளாக வைத்தலாம். தொல்காப்பியம் ஒரு நூலேயாயினும் 27 இயல்களாய் நிற்றலின், மெய்ப்பாடு பற்றி அறிய விழைவோன் மெய்ப்பாட்டியலையே நாடுவான். ஏனைய 26 இயல்களையும் புரட்டான். பகுப்பும் அத்தகையதே. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் 2014, 2015, 2016 ஆகிய ஆண்டுகளின் முதல் நாட்களை எல்லையாக வகுப்பின், பகுதிகள் நான்காகும். வினவலில் நாள் குறிக்கப்படின் உரிய பகுதி மட்டுமே தேடப்படும்; குறிக்கப்படாவிடின் எல்லாப் பகுதிகளும் தேடப்படலாம். ஆதலின் எப்பத்தியால் பகுப்பது என்பதே முதற்கண் ஆராயத்தக்கது.

இனிப் பதிப்பினை நோக்குவாம். எஸ்க்யூஎல் சர்வரின் 2005ஆம் ஆண்டு வெளியீட்டில் இவ்வசதி தோன்றியது. எனினும் ஸ்டாண்டர்டு பதிப்பினர்க்கு அது 2016 நவம்பரில் வந்த, 2016 வெளியீட்டின் முதல் சேவைத் தொகுப்பின் பின்னரே கிட்டிற்று. அதற்கு முன்னரும் டெவலப்பர் பதிப்பில் அஃது இருந்தது. ஆனால் அப்பதிப்பு ஆக்கத்திற்கும் சோதனைக்குமே உரியது. அதிற் பகுத்து அமைத்த தரவுத்தளத்தை அக்கால ஸ்டாண்டர்டு பதிப்பில் மீட்டால், மீட்புப் பணி முழுதும் நடந்து, இறுதியில் தளம் திறவாது நின்றுவிடும். தரவு பழுதின்றியிருந்தும் பயன்படாமை இதன் கொடுமையாம்.

ஆரக்கிளின் நிலை வேறு. ஸ்டாண்டர்டு எடிஷன் 2 என்னும் பதிப்பில் பகுப்பு இல்லை. நிறுவனங்கள் தம் கணினியில் நிறுவும் எண்டர்பிரைஸ் பதிப்பிலும் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் கட்டற்ற மென்பொருளாதலின் இத்தகைய பதிப்பு வேறுபாடு அதற்கில்லை. 2017இல் வந்த பத்தாம் வெளியீடு முதல், பகுப்பினை நேரே அறிவிக்கும் முறையும் அதில் அமைந்துள்ளது.

சொல்லடைவு, சுவடிப் பட்டியல் முதலியவற்றைக் கணினியில் தொகுக்கும் ஆய்வாளர், ஆக்கும் பதிப்பினை மட்டுமன்றி, தரவு இறுதியில் தங்கும் கணினியின் வெளியீட்டையும் பதிப்பையும் உரிமத்தையும் முன்னரே தெளிதல் வேண்டும். பகுக்கும் திறன் மென்பொருளின்பால் இருப்பினும், அதனைப் பயன்கொள்ளும் உரிமை பதிப்பின்பாலது என்பது இதனாற் பெறப்படும்.