26 வாரம், 240 நாள், நாலு வயசுப் பையன்

போன மாதம் ஒரு தோழி போன் பண்ணினாள். தனியார் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த வேலை, பகுதி நேரமாகப் பிஎச்.டி., நாலு வயசில் ஒரு பையன். இப்போது அஞ்சாம் மாசம். கணவர் பிரிந்து போய் மூணு மாசம் ஆகிறது. "வேலையா, படிப்பா, எதை முதல்ல விடறதுன்னு மட்டும் சொல்லு" என்றாள். சட்டென்று சொல்லத் தெரியவில்லை. விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில் வேலை. மகப்பேறு நல விதிகள் "பெண்" என்றுதான் பேசுகின்றன. கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், கணவர் கூட இருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை இல்லை. (அலுவலகத்தில் கேட்பார்கள், அது வேறு கதை.) 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம். அதில் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அங்கே 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும்.

அவள் பயம் வேறு. ஒப்பந்தம் பிரசவ மாதத்திலேயே முடிகிறது. "அதோட எல்லாம் போச்சு இல்லையா?" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் 2023-ல் கவிதா யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தகுதி இருந்தால், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் மகப்பேறு பலன் முழுதாகக் கிடைக்க வேண்டும். அதனால் இப்போதே ராஜினாமா எழுதிக் கொடுப்பதுதான் அவள் செய்யக்கூடிய பெரிய தப்பு. தேதி போட்டு விடுப்புக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்கு என்றேன். இன்னொன்று, அந்த விடுப்பில் வேறு நிறுவனத்தில் வேலை பார்த்தால் அந்த நாட்களுக்கான பணம் போய்விடும். வீட்டில் உட்கார்ந்து ஆய்வேடு எழுதுவது அதில் வராது.

படிப்புக்குக் கணக்கே தனி. யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி பிஎச்.டி. பெண்களுக்கு மொத்த ஆய்வுக் காலத்துக்கும் சேர்த்து 240 நாள் வரை விடுப்பு கொடுக்கலாம். பெண்களுக்குக் கூடுதலாக 2 வருஷ அவகாசமும் உண்டு, எல்லாம் சேர்த்து 10 வருஷத்தைத் தாண்டக் கூடாது.

பிரசவம் ஆனதுமே இந்த 240 நாளையும் செலவழித்துவிடத்தான் எல்லோருக்கும் தோன்றும். என் அபிப்பிராயம் வேறு. தனியாக இருக்கும் அம்மாவுக்கு உண்மையான நெருக்கடி 27-ஆவது வாரத்தில்தான் ஆரம்பிக்கிறது. கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும், ராத்திரித் தூக்கம் கிடையாது, பெரியவனுக்குப் பள்ளிக்கூடம். 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனம்தான் குழந்தைக் காப்பகம் வைத்தாக வேண்டும். அவள் கம்பெனியில் 30 பேர் கூட இல்லை. அதனால் அந்த விடுப்பில் பாதியையாவது அப்போதைக்கு மிச்சம் வை, பிரித்து எடுக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்தில் எழுத்தில் கேள் என்று சொன்னேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, "பிரசவ வலி வந்தா அன்னிக்கு ராத்திரி பையனை யார்கிட்ட விடறது?" என்றாள். எந்த விதியிலும் அதற்குப் பதில் இல்லை. எதிர் வீட்டு அக்காவிடம் பேசியிருக்கிறாளாம். ஒத்திகை மாதிரி, இந்தச் சனிக்கிழமை அவன் அங்கே தூங்கப் போகிறான்.